பரிவட்ட வரி

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. ஒரு ராஜா தரையில் இழுபட்ட கதை இது, சத்தமாகச் சொன்னால் மரியாதை இல்லை.

மாங்குளத்தூரில் ஏரிக்கரை உடைந்துபோச்சு. அடைக்கப் பணமில்லை. அங்கே தலைக்கு ஒரு பணம் வரி. நாவிதருக்கும் அதே, மிராசுதாருக்கும் அதே. கூடக் கேட்டால் மிராசுதார் பொன்னுரங்கம் கிழிந்த துண்டோடு வந்து அழுவார்.

"பாவம், அவங்ககிட்ட ஏது?" என்றார் அமைச்சர் ஆளவந்தார். "அரண்மனை ஆளுங்க சம்பளத்தைப் பாதியாக்குங்க, மகாராஜா."

ஆக்கினார்கள். வாசலில் இரண்டு காவலருக்கு ஒரே ஈட்டி. ஒருவர் பிடித்தால், மற்றவர் பிடித்ததாக நினைத்துக்கொண்டு நிற்கணும். பல்லக்குக்கு இரண்டே ஆள். அவர்கள் முன்பக்கம் தூக்க, பின்பக்கம் தரையில் இழுபட, ராஜா வானத்தைப் பார்த்தபடி ஊர்வலம் போனார்.

பெரியவர்கள் வரும்போது பேரும் பெருமையும் கூவி வழிவிடச் சொல்லும் கட்டியக்காரர் மாசிலாமணி வீட்டில் ஏழு வாய். பாதி நெல்லில் பாதி மாதம்தான் அடுப்பெரியும். நேரே ராஜாவிடம் போனார்.

"தேர்த் திருவிழாவுக்குள்ள ஏரிக்குப் பணம் வந்தா, எங்க சம்பளம் திரும்புமா, மகாராஜா?"

ராஜா இடுப்பைத் தடவிக்கொண்டார். "வராட்டி உன் மீதிப் பாதியும் போயிடும்."

"சரிங்க. ஒரு ஓலையில மட்டும் முத்திரை போட்டுக் கொடுங்க."

மறுநாள் சந்தையில் கட்டியம் கூறினார்: இந்த வருஷம் சாமி முன்னால் தலையில் பரிவட்டம் கட்டும் மரியாதை சொத்து வரிசைப்படி.

திருவிழா அன்று பொன்னுரங்கம் பட்டில் வந்தார். "இருபது வேலி நிலம், எழுதிக்கோ, மாசிலாமணி."

"இருபத்தஞ்சு," என்றார் அவர் சம்பந்தி வரதப்பர்.

"போன மாசம் கல்யாணத்துல ஒண்ணுமில்லேன்னீரே, சம்பந்தி? எனக்கு முப்பத்தஞ்சு. பெண்டாட்டி பேர்ல இருக்கறதைச் சேர்க்கலை."

ஆளவந்தாருக்குப் பொறுக்கவில்லை. மாசிலாமணியின் காதோடு சொன்னார்: "எனக்கு அறுபது. முதல்ல எனக்குக் கட்டச் சொல்லு. வெளியே மூச்சு விடாதே."

ஆளவந்தாரில் தொடங்கி வரிசையாகக் கட்டி முடிந்ததும் மாசிலாமணி ராஜ முத்திரை போட்ட ஓலையை வாசித்தார். பத்து வேலி வரை பழைய ஒரு பணம். அதற்கு மேலே விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. முப்பது தாண்டினால் ஐந்தில் ஒன்று.

"கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேனப்பா," என்று முனகினார் பொன்னுரங்கம்.

"அதனாலென்ன, ஐயா. பரிவட்டத்தைக் கழட்டி உங்க சம்பந்தி தலையில கட்டிடுங்க."

பொன்னுரங்கம் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

ராஜா இடுப்புவலியையும் மறந்து சிரித்தார். "எல்லாருக்கும் முழுச் சம்பளம்!"

ஆளவந்தாரும் சேர்ந்து சிரித்தார். அமைச்சர் என்பதால்தான் முதல் மரியாதை என்று ஊர் நினைத்தது; அவர் கணக்குதான் யாருக்கும் தெரியாதே.

முழுச் சம்பளக்காரர் மாசிலாமணி தொண்டையைக் கனைத்து, அடுத்த ஊருக்கும் கேட்கிற மாதிரி கட்டியம் கூறினார்: "அறுபது வேலி ஆளவந்தார் வருகிறார், வழிவிடுங்கோ!"