மஞ்சத்துளி ஏறின கூடை

ஒரு ஊர்ல ஒரு மஞ்சத்துளி இருந்துச்சு. ஊர்னா தெருவும் கோயிலும் இருக்கற ஊர் இல்ல. செங்கமலம்னு ஆறு வயசுப் பொண்ணு, அவ உடம்புதான் அந்த ஊரு. ம் சொல்லு. ம்.

மஞ்சத்துளி ஒரு பொட்டு எண்ணெய் மாதிரி இருக்கும். பப்பாளிப் பழத்துல இருந்து வந்தது. அது கண்ணுக்குப் போய்ச் சேரணும், சேர்ந்தாத்தான் மங்கின வெளிச்சத்துல பார்வை தெரியும். ஆனா அது ஈரல் கிடங்குல சும்மா உக்காந்திருந்துச்சு. பக்கத்துல இன்னொரு மஞ்சத்துளி, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.

வெளிய என்ன நெலமைன்னா, பொழுது சாஞ்சா செங்கமலத்துக்குக் கண்ணு தெரியல. தொம்முன்னு தூணுல முட்டுவா. படுத்திருக்கற ஆட்டு மேல தடுக்கி விழுவா. ஆடு எந்திரிச்சு வேற எடத்துல போய்ப் படுத்துக்கும். வீட்டுக்குப் பின்னாடி ஒரு கெணறு, அதோட சுவரு முழங்கால் ஒசரம்தான். அதனால விளக்கு வைக்கற நேரமானா அவங்கம்மா தன் முந்தானையில அவ பாவாடையை முடிஞ்சு வெச்சுக்குவா. அம்மா அடுப்பங்கரைக்குப் போனா இவளும் போகணும்.

அப்போ பக்கத்து வீட்டு அத்தை, "கண்ணுக்குப் பப்பாளி குடுடி"ன்னா. அம்மா குடுத்தா. தெரியல. "இன்னும் குடு." குடுத்தா. அப்பவும் தெரியல. செங்கமலம் பப்பாளி தின்னுவா, மோர்சோறு தின்னுவா. பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம். சுண்டலைக் கண்டா, "உருண்டையா இருக்கு"ன்னு தள்ளி வெச்சிடுவா. பப்பாளி விதையும் உருண்டைதான். அதை யாரும் எடுத்துச் சொல்லல.

பப்பாளி உள்ள வர வர, கிடங்குல கூட்டம்தான் ஏறுச்சு.

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

"எங்க தள்ள? நான் இன்னொருத்தி மடியில உக்காந்திருக்கேன்."

மஞ்சத்துளி நேரா கிடங்குக்காரம்மாகிட்ட போச்சு. "நான் கெளம்பறேன்மா."

"எதுல போவ?"

"ஆத்துல எறங்கிப் போயிடுவேன்."

"போய்ப் பாரு"ன்னா கிடங்குக்காரம்மா. ம்.

வெளிய லப்டப் லப்டப்னு செவப்பு ஆறு ஓடுது. மஞ்சத்துளி பொளக்குன்னு குதிச்சுது. எண்ணெய் தண்ணியில கரையுமா? ரசத்து மேல தாளிப்பு மெதக்குமே, அது மாதிரி உருண்டு போய் ஓரத்துல ஒட்டிக்கிச்சு. கிடங்குக்காரம்மா அகப்பையால வழிச்சு உள்ள போட்டா.

"கூடையில ஏறித்தான் போகணும்"னா.

"கூடை எங்க?"

"முடைய நார் இல்ல. நார் பருப்புல வரும், முட்டையில வரும். இந்தப் பொண்ணு ரெண்டையும் தொடல. உக்காரு."

அப்புறம் ஒரு நாள் அம்மா அடை சுட்டா. ஸ்ஸ்ஸ்னு கல்லுல போட்டு, வெல்லம் வெச்சுக் குடுத்தா. செங்கமலம் தின்னுட்டு இன்னொண்ணு கேட்டா. அடைன்னா அரைச்ச பருப்புன்னு அவளுக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லல. மறுநாளும் அடை. அதுக்கு மறுநாளும் அடை.

அப்போ கிடங்குல சரக்கு சரக்குன்னு கூடை முடையற சத்தம். ஒரு கூடை நேரா மஞ்சத்துளி முன்னாடி வந்து குனிஞ்சுது.

"ஏறு."

"நீ யாரு?"

"கூடையன். படிச்சவங்க புரதம்பாங்க. வெறுங்கூடையா வெளிய விட மாட்டாங்க. நீ ஏறினாத்தான் எனக்கும் கதவு தெறக்கும்."

மஞ்சத்துளி ஏறுச்சு. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி படல. கூடையன் ஆத்துல எறங்கினான். ம்.

கொஞ்ச தூரம் போனா, ஆத்துக்குக் குறுக்க சலசலன்னு ஒரு பெரிய சல்லடை. சின்னதா எது வந்தாலும் கீழ மூத்திரத்துல விழுந்துடும். கூடையன் ரொம்பச் சின்னவன். அப்போ சுமையேத்தின கூடைக்குத் துணை போற குண்டண்ணன்னு ஒருத்தன் மெதந்து வந்தான்.

"சுமை இருக்கா?"ன்னான்.

"இருக்கு."

"அப்போ கையைக் குடு."

சல்லடைக்காரன் ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பார்த்தான். "சேர்ந்து நின்னா பெருசாத்தான் இருக்கீங்க. போங்க"ன்னான்.

அப்புறம் மஞ்சத்துளி கேட்டுச்சு, "திரும்பி வர்றப்பவும் அண்ணன் வருவாரா?"

"வெறுங்கூடைன்னா அவர் பிடி நிக்காது. நழுவிடும். சல்லடையில விழுந்துடுவேன்."

"தெரிஞ்சா வந்த?"

"தெரியும்."

"பயமா இல்லையா?"

"அடை சுடற வரைக்கும் வேற கூடை முடைவாங்க. ஆடாம உக்காரு."

கண்ணு வந்துச்சு. தட்டு தட்டுன்னு கதவைத் தட்டினாங்க. வாசல் காக்கறவ எட்டிப் பார்த்தா. "துளி மட்டும் வரலாம். கூடைக்கு எடமில்ல."

மஞ்சத்துளி எறங்குச்சு. என்னவோ சொல்லணும்னு திரும்புச்சு. டப்புன்னு கதவு சாத்திட்டாங்க. அதுக்கப்புறம் அது கண்ணுக்குள்ள போய்த் தன் எடத்துல உக்காந்துச்சு. பின்னாடியே வேற வேற கூடையில வேற வேற துளியும் வந்து உக்காந்துச்சு. ம்?

அன்னிக்குப் பொழுது சாஞ்சுது. அம்மா முடிச்சு போட்டுட்டு மாவு கரைச்சுக்கிட்டிருந்தா.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

"கை கழுவிட்டு வரேன், இரு."

செங்கமலம் இருக்கல. முடிச்சை இழுத்தா, அவுந்துடுச்சு. கொல்லைக்கு நடந்துட்டா. அம்மா திரும்பிப் பார்த்தா, முந்தானை வெறுமனே தொங்குது. மாவுக் கையோட ஓடினா. பொண்ணு நேரா கெணத்தைப் பாத்துப் போறா. கூப்பிட்டா பதறி விழுந்துடுவாளோன்னு அம்மா கூப்பிடக்கூட இல்ல.

மஞ்சத்துளி பார்த்துச்சு. சாம்பலா ஒரு வட்டம். சுவரு. சுவத்து மேல ஒரு பூனை.

செங்கமலம் நின்னா. "விழுந்துடப் போற, எறங்கு"ன்னு பூனைகிட்ட சொன்னா. சொல்லிட்டுக் கெணத்தைச் சுத்திப் போய் வேலியோரம் உக்காந்தா. சர்ர்ர்.

கூடையன் அதுலதான் போனான். யாரும் கவனிக்கல.

அம்மா கிட்ட வந்தா. "பூனை தெரிஞ்சுதாடி?"

"ஒரு காது கிழிஞ்சிருக்கும்மா."

அம்மா முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டா. "நாளைக்கும் அடைதான்"ன்னா.

துளி கண்ணுக்குப் போச்சு, கூடை வேலிக்குப் போச்சு, கதையும் போயிடுச்சு. நீயும் ஒண்ணுக்குப் போயிட்டு வந்து படு.