மேற்கே இழுத்த ஒட்டகம்

"மூன்று மாதமாக இங்கே இருக்கிறேன். சாணி அள்ளுகிறேன், தண்ணீர் இறைக்கிறேன். ஒரு வைத்தியம்கூட நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை," என்றார் நூருத்தீன்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. நகரத்தில் குதிரை வைத்தியராகப் பேர் எடுத்தவர். ஒட்டக வைத்தியம் கற்றுக்கொள்ளப் பாலைவனத்துக்கு வந்திருந்தார்.

அவருடைய குரு ஸஃபியாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

ஸஃபியா ஓர் ஒட்டகக் குட்டியின் காதிலிருந்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உதறுகிறது," என்றார்.

அவ்வளவுதான் பதில்.

அன்று மத்தியானம் கமால் என்ற நெசவாளி தன் ஒட்டகத்தை நடத்திக்கொண்டு வந்தான். பேரீச்சந்தோப்பு ஊர்க்காரன். ஒட்டகம் வளர்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. மனைவிக்குப் பால் சுரக்கவில்லை. ஐந்து மாதக் குழந்தை இந்த ஒட்டகத்தின் பாலில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒட்டகத்தின் தோல் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. திமில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"என்ன குறை வைத்தேன் என்று தெரியவில்லை அக்கா. பசும்புல் அறுத்துப் போடுகிறேன். நிழலில்தான் கட்டியிருக்கிறேன். கிணறு பத்தடி தள்ளி. சரியாகக் குடிக்கவே மாட்டேன் என்கிறது. பால் பாதியாகிவிட்டது."

நூருத்தீன் தோலை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"சொறி. குதிரைகளுக்கு நூறு தடவை பார்த்திருக்கிறேன்."

"அப்படியானால் நீங்களே வைத்தியம் செய்யுங்கள்," என்றார் ஸஃபியா. கமாலிடம் தன்னுடைய ஒட்டகம் ஒன்றின் பாலை ஒரு தோற்பையில் ஊற்றிக் கொடுத்தார். "உன் ஒட்டகம் இங்கேயே இருக்கட்டும். தினமும் வந்து பால் வாங்கிப் போ."

நூருத்தீன் கந்தகத்தை எண்ணெயில் குழைத்து ஐந்து நாள் தடவினார். ஒட்டகம் இன்னும் மெலிந்தது.

ஆறாம் நாள் காலை அது மணலில் கிடந்த ஒரு பழைய எலும்பை எடுத்து மென்றுகொண்டிருந்தது.

நூருத்தீன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸஃபியாவைக் கூப்பிட்டார்.

"ஒட்டகம் எலும்பு தின்னுமா?"

"தின்னாது."

"இது தின்கிறதே. ஏன்?"

"என்னைக் கேட்கிறீர்களே."

"வேறு யாரைக் கேட்பது?"

ஸஃபியா போய் ஒட்டகத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

பால் வாங்க வந்திருந்த கமால் பதறிப்போனான். "அக்கா, ஓடிப்போய்விடும். வீட்டிலும் மேற்கே இழுத்துக்கொண்டேதான் நிற்கும். அதனால்தான் இரட்டை முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். என் குழந்தைக்கு வேறு கதி கிடையாது."

"கூடவே இவர் போவார்," என்றார் ஸஃபியா. நூருத்தீன் கையில் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். "பின்னாலேயே போங்கள். முன்னால் நடக்க வேண்டாம். கூப்பிடவும் வேண்டாம்."

"எவ்வளவு தூரம்?"

"அதற்குத்தான் தெரியும்."

ஒட்டகம் மேற்கே நடந்தது. வழியில் ஒரு பள்ளத்தில் பசும்புல் தளதளவென்று வளர்ந்திருந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கிணற்றடியில் நூருத்தீன் தண்ணீர் இறைத்து வைத்தார். மோந்துவிட்டுப் போனது. அவருடைய கால் கொப்பளித்தது. இது சாகும் இடம் தேடிப் போகிறதோ என்றுகூட நினைத்தார். ஆனாலும் பின்னாலேயே போனார்.

இரண்டாம் நாள் காலை தரை வெளுத்தது. சாம்பல் நிறத்தில் முழங்கால் உயரப் புதர்கள். இவற்றை ஆடுகூடக் கடிக்காது என்று அவர் நினைத்தார்.

ஒட்டகம் தலையைத் தாழ்த்தித் தின்ன ஆரம்பித்தது. பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை.

நூருத்தீன் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார்.

உப்பு.

வெள்ளைத் தரையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுவும் உப்பு. எலும்பை மென்றதும் இந்த உப்புக்காகத்தான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

இரண்டு நாள் அது அங்கேயே மேய்ந்தது. திரும்பும் வழியில் அதே கிணறு வந்தது. நூருத்தீன் இறைத்துக்கொண்டே இருந்தார். ஒட்டகம் குடித்துக்கொண்டே இருந்தது. அவர் கை ஓய்ந்துபோனது. அது தலை நிமிரவில்லை.

ஒரு மாதத்தில் தோல் மூடியது. பால் பழைய அளவுக்கு வந்தது. இப்போது லேசாக உப்புக் கரித்தது. குழந்தை முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தது, பிறகு குடித்தது. கமால் கட்டுவதை விட்டுவிட்டு, அவ்வப்போது தானே ஒட்டகத்தை மேற்கே கூட்டிப்போய் வந்தான்.

நூருத்தீனுக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டார்.

"அதற்கு வழி தெரிந்திருந்தது. என்ன வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. அவிழ்த்துவிட்டிருந்தால் தானாகவே போயிருக்கும். என்னை எதற்கு அனுப்பினீர்கள்?"

"அது போயிருக்கும், வைத்தியரே," என்றார் ஸஃபியா. "நீங்கள் போயிருக்க மாட்டீர்கள்."