உட்காரச் சொன்ன அதிகாரி

ஊரெல்லாம் நடவு. தையல்நாயகியின் வயலில் மட்டும் எண்ணெய்க் கிணறு தோண்ட அனுமதி கொடுத்து வேலி போட்டுவிட்டார்கள். நாற்றைத் தொடமாட்டோமா என்று ஏங்கியவள் வழக்குப் போட்டாள்.

கோர்ட்டில் எண்ணெய்க் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். "கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆட்சேபித்தவர்கள்தான் வழக்குப் போடலாம். இந்தம்மா வாயே திறக்கவில்லை."

கூட்டம் நடத்திய அதிகாரியும் தலையாட்டினார்.

தையல்நாயகி அவரிடம் பணிவாகக் கேட்டாள். "ஐயா, அன்னிக்கு என்னை உட்காருன்னு அதட்டினது நீங்கதானே?"

"பின்னே? கிணறு வேண்டாம், வேண்டாம்னு கத்திக்கிட்டே இருந்தா கூட்டத்தை எப்படி நடத்துறது?" என்றார் அதிகாரி மிடுக்காக.

நீதிபதி சிரித்துக்கொண்டே வழக்கை ஏற்றுக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேராக வயலுக்குத்தான் போனாள். தீர்ப்பு வர எத்தனை போகம் ஆகுமோ? வேலிக்கு வெளியே நின்றவளுக்கு அந்தச் சேற்றில் ஒரு தடவை கால் வைக்க மாட்டோமா என்றிருந்தது.