சத்தியமும் சாமான் பையும்

ஓய்வு பெற்ற தாசில்தார் வேதாசலத்தின் சமையலறைச் சுவர் பத்து நாளாய் உடைந்து கிடந்தது. குழாய் வேலைக்கு வந்த நாலு பேரும் சுவரை உடைத்துவிட்டு, "நாளைக்கு வந்துடறோம்" என்று போனவர்கள்தான். அவர் மனைவி விசாலம் முழங்கால் வலியோடு கிணற்றுத் தண்ணீர் சுமந்தாள்.

ஐந்தாவதாக வந்தவன் செங்கோடன். ஊருக்குப் புதுசு, பாவம். இன்னும் ஒரு வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை.

"தினமும் வருவேன்னு அம்மன் படத்து முன்னால சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணு. அப்பத்தான் வேலை" என்றார் தாசில்தார்.

"அந்த நாலு பேரும் பண்ணினாங்களாங்க ஐயா?"

"பின்னே? எங்கிட்ட தப்பிக்க முடியுமா? நாலு பேரும் பண்ணினானுங்க!"

"அப்ப அம்மன்கிட்ட ஏற்கெனவே நாலு கேஸ் நிலுவையில இருக்குங்க. அஞ்சாவதா நான் வேற எதுக்குங்க?" என்றவன், தன் சாமான் பையை விசாலத்திடம் நீட்டினான். "அம்மா, தண்ணி வர்ற வரைக்கும் தினமும் சாயங்காலம் இதை உள்ள வச்சுப் பூட்டிக்குங்க. இது இல்லாம வேற எந்த வீட்டுலயும் என்னால வேலை பார்க்க முடியாது."

"பழைய இரும்பைக் காட்டி ஏமாத்தறான்!" என்று தாசில்தார் உறுமினார்.

விசாலம் பையை வாங்கிக்கொண்டாள். "நீங்க நாலு சத்தியம் வாங்கி வச்சிருக்கீங்க. நான் இதை வாங்கி வச்சுக்கறேன். எதுல தண்ணி வருதுன்னு பார்ப்போம். நீ வாப்பா, முதல்ல காப்பி குடி."

மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் கொட்டியது. தினமும் பை உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், சத்தம் கேட்டு மதில்மேல் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக் குழாயும் பல நாளாய் உடைந்து கிடந்தது.

"விசாலம், அந்தப் பை இன்னிக்குச் சாயங்காலம் எங்க வீட்டுல இருக்கட்டும்!"