கண்ணில் படாத சவரிராயன்

பட்டாளத்து மேஜர் ஒருத்தர் சினிமாவுக்குப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் படத்தில் கதாநாயகன் புருவத்தைச் சுருக்கி ஒரு லாரியைப் பார்ப்பான். லாரி பறந்து போய் வில்லன் வீட்டு மொட்டைமாடியில் உட்காரும். தியேட்டரே விசில் அடித்தது. மேஜர் மட்டும் இடைவேளையில் முறுக்குக்கூட வாங்காமல் யோசித்துக்கொண்டே இருந்தார். இந்த மாதிரி ஆள் நம்மிடம் இருந்தால் பீரங்கி எதற்கு, பெட்ரோல் எதற்கு என்று மேலிடத்தைக் கேட்டார். மேலிடத்தில் இருந்தவர்களும் அதே படத்தைப் பார்த்திருந்தார்கள். உடனே அனுமதி வந்துவிட்டது. முகாமில் பழைய உருளைக்கிழங்குக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கி, 'மனோசக்தி ஆராய்ச்சிப் பிரிவு' என்று வாசலில் பலகை மாட்டினார்கள்.

மனதில் எந்த எண்ணமும் ஓடாதவர்களாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. முகாமில் எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள். அங்கே மூன்று பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், யாரோ உட்காரச் சொன்னாராம். அப்படிச் சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அவர்களில் மூத்தவன் நாயக் பதவியில் இருந்த சவரிராயன். மற்ற இருவர் சிப்பாய் எத்திராஜ், சிப்பாய் உத்தண்டி.

சவரிராயனுக்கு ஒரு ஏக்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் அவன் ஊரில், மனைவி ஆரோக்கியத்துக்குப் பெண்பிள்ளை பிறந்து ஐந்து மாசம் ஆகிறது. பிள்ளை முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. லீவு கேட்டு அவன் போகாத நாள் இல்லை.

"ஜெனரல் வரப்போறார். அவர் முன்னால ஜீப்பைக் கை படாம, மனசால நகர்த்திக் காட்டுங்க. ஜீப் நகர்ந்தா உனக்கு லீவு" என்றார் மேஜர். பயிற்சிக்காக அந்தப் படத்தையும் போட்டுக் காட்டினார். "இதுல எப்படியோ அப்படியே செய்யணும்."

அன்றைக்கு மூவரும் கிடங்குக்குள் கூடிப் பேசினார்கள்.

"கை படக்கூடாதுன்னுட்டார். மனசால தள்ளணுமாம். மனசு எங்கலே இருக்கு?" என்றான் சவரிராயன்.

"தலைலதான்ணே" என்றான் எத்திராஜ். "எதுனா யோசிச்சா எனக்குத் தலைதான் வலிக்குது."

உத்தண்டி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க ஊர்ல மனசைத் தொட்டுச் சொல்றேன்னு எல்லாரும் நெஞ்சைத்தான்ணே தொடுவாங்க. ஊரே பொய் சொல்லுமா?"

சவரிராயன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். "எனக்கு வயித்துல இருக்குன்னு நெனைக்கேன். பிள்ளைய நெனச்சா அங்கதான் பிசையுது."

"இப்ப எதுண்ணே நெசம்?"

"மூணையும் வச்சுத் தள்ளுவோம். எதுல இருக்கோ அது தள்ளட்டும்."

ஜெனரல் வந்தார். மேட்டில் ஜீப் நின்றது. மூவரும் தூரத்திலிருந்து புறப்பட்டார்கள். படத்தில் கதாநாயகன் மெதுவாக, காற்றில் மிதக்கிற மாதிரி நடந்து வருவான். இவர்களும் அப்படியே காலைத் தூக்கி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்து, அப்புறம் இறக்கினார்கள். தலைமுடி பறக்க வேண்டும் என்பதற்காகச் சமையல்காரர் முறத்தால் விசிறிக்கொண்டே கூட வந்தார். முறத்தில் இருந்த தவிட்டைக் கொட்ட மறந்துவிட்டதால் எதிரே இருந்த அதிகாரிகள் எல்லாரும் தும்மினார்கள்.

"இவங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று ஜெனரல் கேட்டார்.

"சக்தி ஏறுது சார்" என்றார் மேஜர் பக்தியோடு.

ஜெனரலின் டீ ஆறி ஆடை கட்டிய பிறகு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஏமாற்று வேலை இருக்கக்கூடாது என்று ஜெனரல் தானே ஜீப்பில் ஏறி முன்னால் பார்த்து உட்கார்ந்தார். பிரேக்கையும் தன் கையாலேயே எடுத்துவிட்டார். மேஜர் கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கும்பிட்டார்.

பின்னால் எத்திராஜ் தலையை வைத்தான். உத்தண்டி நெஞ்சை வைத்தான். சவரிராயன் வயிற்றை வைத்தான். ஆறு கையும் பத்திரமாக முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது.

ஜீப் நகர்ந்தது. ஜெனரலே கைதட்டினார். ஆனால் நகர்த்தச் சொன்னார்களே தவிர நிறுத்தச் சொல்லவில்லை. ஜீப் மேட்டைவிட்டு இறங்கி, எருமைகள் குளித்துக்கொண்டிருந்த குளத்துக்குள் போய் நின்றது.

தொப்பியில் பாசியோடு ஜெனரல் கரையேறினார். சவரிராயன் ஓடிப்போய் சல்யூட் அடித்தான்.

"நகந்துட்டு சார். லீவு..."

ஜெனரல் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார். "ஒரு மாசத்துக்கு நீங்க மூணு பேரும் ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது. பட்டீங்க, தொலைச்சிடுவேன்."

மூவரும் தனியே போய் யோசித்தார்கள்.

"லீவு போச்சே. அதுக்குள்ள அடுத்த பயிற்சி குடுத்துட்டாரே" என்றான் சவரிராயன்.

"கண்ணுல படாம இருக்கணும்னா என்னண்ணே செய்யணும்?" என்றான் உத்தண்டி.

"அதான் ஜெனரல் வாயால சொல்லிட்டார்ல. இந்நேரம் மறைஞ்சிருப்போம்."

"நீங்க எனக்குத் தெரியிறீங்களேண்ணே."

"நாம ஒரே பிரிவுல. நமக்குள்ள தெரியத்தான் செய்யும்."

எத்திராஜும் உத்தண்டியும் பாதுகாப்புக்காகக் கிடங்கில் சாக்கைப் போர்த்திப் படுத்துக்கொண்டார்கள். சவரிராயன் மட்டும் யோசித்தான். கண்ணில் படுகிறவனுக்குத்தானே வீட்டுக்குப் போக லீவு வேண்டும். ஆளே தெரியாதபோது லீவு எதற்கு? கிளம்பிவிட்டான். ஜீப் போன அழகைப் பார்த்த வாசல் காவல்காரன் சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தான். சவரிராயன் அவனைத் தாண்டிப் போனான்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர் தலையைத் தூக்கவே இல்லை. முன்பதிவில்லாத பெட்டியில் ஒருவர் அவன் காலை மிதித்து ஏறினார். ஒரு அம்மாள் வாழைத்தார் ஒன்றை அவன் மடியில் இறக்கி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மதுரை தாண்டியதும் இன்னொருவர் அவன் தோளில் தலை வைத்துத் தூங்கினார். சவரிராயனுக்குப் பெருமை தாங்கவில்லை. மனோசக்தி நன்றாக வேலை செய்கிறது.

வீட்டு வாசலில் ஆரோக்கியம் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இந்த மாசம், அடுத்த மாசம் என்று ஐந்து மாசமாக ஏய்த்தவன் வந்து நிற்கிறான். ஒரு பார்வை பார்த்துவிட்டு வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாவம், இவளுக்கும் தெரியல" என்று நினைத்தபடி அவன் உள்ளே போனான்.

பாயில் பிள்ளை கிடந்தது. அவனை நேருக்கு நேராகப் பார்த்தது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவன் குனிந்ததும் மீசையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது.

சவரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. மீசையை விடுவித்துக்கொண்டு மேஜருக்குப் போன் போட்டான்.

"சார், முகாம்ல இருந்து இங்க வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படல. என் மக மட்டும் பாத்துட்டா சார்."

அந்தப்பக்கம் மேஜர் நாற்காலியைவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. "நிஜமாவா? மறைஞ்சிருக்கிற ஆளைக் கண்டுபிடிச்சாளா?"

"கண்டுபிடிச்சு மீசையையும் பிடிச்சுட்டா சார்."

"படையில சேர்த்துக்கறேன். தவழத் தெரியுமா?"

"இப்பதான் குப்புற விழுதா சார்."

"தவழத் தெரிஞ்சா போதும், பட்டாளத்துல பாதி வேலை அதுதான். கத்துக்குடுத்து முடிக்கிற வரைக்கும் நீ அங்கேயே இரு. இது உத்தரவு."

சவரிராயன் போனை வைத்தான். சல்யூட் அடித்துவிட்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றித் தவழ்ந்து காட்டினான். ஆரோக்கியம் உள்ளே வந்தாள். கையிலிருந்த ஈரத்துணியை உதறி அவன் முதுகில் காயப்போட்டுவிட்டு வெளியே போனாள்.

"பாத்தியா? அம்மைக்கு இன்னும் தெரியல" என்று அவன் பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னான். துணி விழுந்துவிடாமல் அசையாது கிடந்தான்.