மரகதம் வீட்டு வாசல்

பவுனம்மாவின் கடன் குழுவில் ஒன்பது பேர் முந்திரி உடைப்பவர்கள். ஆள் குறைகிறதென்று பத்தாவதாக மரகதம் என்றொரு பெயரைச் சேர்த்தவர் வசூல்காரர் தணிகாசலம்.

அந்த மரகதம் மூன்று தவணை கட்டவில்லை.

"அவ பணத்தையும் நீங்கதான் கட்டணும். இல்லேன்னா அத்தனை பேரும் போய் அவ வீட்டு வாசல்ல உட்காருங்க. அதான் ரூல்ஸ்!" மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எகிறினார் தணிகாசலம்.

பவுனம்மா மட்டும் எழுந்தாள்.

"வாங்கடி, உட்காருவோம். சார், நீங்க முன்னாடி போங்க."

"நான் எதுக்கு?"

"போன வாரம் முந்திரி விக்கப் போனப்ப மரகதம் அக்காதான் மோர் குடுத்தாங்க. சுவத்துல உங்க கல்யாணப் போட்டோ மாட்டியிருந்துச்சே!"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். மூன்று தவணையும் தணிகாசலத்தின் சட்டைப் பையிலிருந்தே வந்தது.

ஒன்பது பேரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

"ரசீதை மறக்காம அக்காகிட்ட குடுத்துடுங்க சார்," என்றாள் பவுனம்மா.