இடது மேல் மூலையில் எசக்கி

அப்பிராணிப்பட்டி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. உள்ளேயே இருப்பதால் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததில்லை.

அந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். பெரியவன் தவசிமுத்து. அடுத்தவன் வேலாண்டி, கடையில் யோசிப்பது முழுக்க அவன் பொறுப்பு. மூன்றாமவன் எசக்கி. அவனுக்கு இரண்டு தகுதி உண்டு. சொன்னால் கேட்பான், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான்.

தவசிமுத்துவுக்கு மரிக்கொழுந்து என்றால் உயிர். அவளுக்கும் அப்படித்தான். ஆனால் அவள் அப்பா சங்கரபாண்டி கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரர், லேசில் மசிய மாட்டார். பெண் கேட்டு வந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை என் மூத்தவளுக்குக் கல்யாணம். மண்டபத்துல பெரிய திரை கட்டியிருக்கேன். அதுல மாப்பிள்ளை படம் கம்ப்யூட்டர்ல இருந்து வரணும். மீசை கம்பீரமா தெரியணும். படமும் ஆளும் ஒண்ணு போல இருந்தா இளையவ உனக்கு. ஒரு மயிரிழை பிசகினாலும் அவளை மறந்துரு.”

தவசி சென்னையில் இருந்த சித்தி மகனிடம் உதவி கேட்டான். அவன் ஒரு நிரல் தொகுப்பை அனுப்பி வைத்தான். எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஓடுமாம். சன்னல், பொத்தான், படம் எல்லாம் திரையில் வரைந்து தருமாம். கூடவே தமிழில் ஒரு குறிப்பேடு. “இதுல உள்ளபடி செய். சொந்த மூளையை மட்டும் உள்ள விட்டுராதே” என்று போனில் படித்துப் படித்துச் சொன்னான். நம் ஆட்களிடம் அந்த ஆபத்து கிடையாது.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், ‘எல்லா அளவுகளும் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கும். அந்தப் புள்ளிதான் பூஜ்யம்’ என்று இருந்தது.

மூவரும் அண்ணாந்து கடையின் இடது மேல் மூலையைப் பார்த்தார்கள்.

“அங்க ஒரு பல்லிதான் இருக்கு” என்றான் தவசி.

“பல்லி சரிப்படாது” என்றான் வேலாண்டி. “அது ஓடிக்கிட்டே இருக்கும். பூஜ்யம் ஓடினா அளவெல்லாம் என்னத்துக்கு ஆகும்? ஒரு இடத்துல உக்காந்தா அசையாத ஆளா வேணும்.”

இரண்டு பேரும் எசக்கியைப் பார்த்தார்கள். ஏணி வந்தது, எசக்கி ஏறினான், பூஜ்யமானான்.

அன்றிலிருந்து கடையில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. டீக்காரர் வந்தால் எசக்கி உச்சியிலிருந்து, “வலப்பக்கம் ஆறடி, கீழ நாலடி” என்பான். டீக்காரர் அந்த இடத்தில் கிளாஸை வைப்பார். அங்கே மேசை இல்லாததால் டீ தரையில் கொட்டும். ஆனால் சரியான இடத்தில் கொட்டும்.

வியாழக்கிழமை இரண்டாம் பக்கத்துக்கு வந்தார்கள். ‘செவ்வகத்தின் வலது ஓரக் கோடு செவ்வகத்தைச் சேர்ந்ததல்ல.’ சங்கரபாண்டி கொடுத்திருந்த மாப்பிள்ளை போட்டோவை மேசைமேல் வைத்துக் கவலையோடு பார்த்தார்கள்.

“சேராததை எதுக்கு வச்சிருக்கணும்?” என்று வேலாண்டி கத்தரியால் வலது ஓரத்தை நூல் பிடித்த மாதிரி நறுக்கினான்.

தவசி குனிந்து பார்த்தான். “இப்பவும் வலது பக்கம் ஒரு ஓரம் இருக்கே.”

“அதுவும் சேராது.”

அதையும் நறுக்கினார்கள். அடியில் இன்னொரு ஓரம் காத்திருந்தது. சாயங்காலம் வரை விடாமல் நறுக்கினார்கள். மாப்பிள்ளையின் தோள் போனது, காது போனது, மீசையில் பாதி போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேசைமேல் ஒன்றுமே இல்லை.

“இப்பத்தான் சேராதது ஒண்ணுமில்ல” என்று வேலாண்டி கத்தரியைக் கீழே வைத்தான்.

விடிந்தால் கல்யாணம், கையில் படமில்லை. தவசிக்கு மரிக்கொழுந்து முகம் கண்முன் வந்து நின்றது. பாவம், அழுதேவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மூன்று பேரும் ஏணியோடு மண்டபத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளை குற்றாலிங்கத்தை நிற்க வைத்துப் புதிதாகப் படம் எடுப்பதென்று முடிவு. பூஜ்யம் இல்லாமல் எடுக்க முடியுமா? எசக்கி இடது மேல் மூலையில் ஏறினான். தவசி கேமராவோடு திரும்பி நின்றதும் இடது வேறு பக்கம் போய்விட்டது. எசக்கி இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு எதிர் மூலைக்கு ஓடினான். இப்படி நாலு தடவை ஓடிய பிறகுதான் தவசி திரும்பாமல் நிற்கக் கற்றுக்கொண்டான். எசக்கியின் தலைமுடி படத்தின் இடது மேல் மூலையில் வந்து சரியாகப் பொருந்தியது. குற்றாலிங்கம் வெளிச்சத்துக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், சித்தி மகன் அனுப்பிய நிரல் வழியாகத் திரையில் படம் வந்தது. முந்நூறு பேர் பார்த்தார்கள்.

மாப்பிள்ளைக்குத் தலையில் முடி இல்லை. புருவம் இல்லை. இரண்டு வருஷம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. கண்ணை மூடியிருந்ததால் கண் மட்டும் தப்பியது.

வேலாண்டி அவசரமாக மூன்றாம் பக்கத்தைப் புரட்டினான். “எழுதித்தான் இருக்கு. ‘படத்தின் இடது மேல் மூலையில் என்ன நிறமோ, அந்த நிறம் படம் முழுக்க இல்லாததாகக் கருதப்படும்.’ மூலையில எசக்கி முடி, கறுப்பு. அதான் கறுப்பெல்லாம் போயிருச்சு. தப்பு ஒண்ணும் நடக்கலை.”

சங்கரபாண்டி பல்லைக் கடித்தார். “படமும் ஆளும் ஒண்ணு போல இல்லையே.”

“இதோ, அஞ்சு நிமிஷத்துல ஒண்ணாக்கிடறேன் அண்ணாச்சி” என்று தவசி ஓடினான். படத்தைத் திருத்தத்தான் ஓடினான் என்று நினைக்காதீர்கள். சவரக்காரரைக் கூட்டிவர ஓடினான்.

குற்றாலிங்கமும் அப்பிராணிப்பட்டிதான். திரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். “என்னைவிடப் பெருசா இருக்கு. அது காட்டினா சரியாத்தான் இருக்கும்” என்று தலையைக் குனிந்து கொடுத்தான். தலை, மீசை, புருவம் எல்லாம் போயின. தாலி கட்டும்போதுகூட, படம் மாதிரியே இருக்க வேண்டுமென்று கண்ணைத் திறக்கவில்லை.

சங்கரபாண்டி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒண்ணு போலத்தான் இருக்கு. ஆனா மீசை கம்பீரமா தெரியலையே. யோசிச்சுச் சொல்றேன்” என்று பந்திக்குப் போய்விட்டார். மரிக்கொழுந்து தூண் மறைவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தவசிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது உச்சியிலிருந்து குரல் வந்தது. “பாயாச வாசனை வருது. நான் இறங்கலாமா?”

“இறங்கிராதே” என்று வேலாண்டி இலையை விட்டு எழுந்தான். “எல்லா அளவும் உன்கிட்ட இருந்துதான் தொடங்குது. நீ பத்தடி இறங்கினா மண்டபமும் பத்தடி இறங்கிரும்.”

“பசிக்குதே.”

பந்தியில் ஒரே கலவரம். பூஜ்யத்தைப் பட்டினி போடுவது பாவம் என்றார்கள் பாதிப்பேர். கடைசியில் இறக்குவதென்று முடிவாயிற்று. முந்நூறு பேரும் ஆளுக்கொரு தூணையோ பக்கத்திலிருப்பவரையோ பிடித்துக்கொண்டார்கள். சமையல்காரர் ரசப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்தார். எசக்கி ஒவ்வொரு படியாக இறங்கினான். நாலாவது படியில் யாரோ, “லேசா ஆடுது” என்றார்கள். காலைத் தரையில் வைத்தான்.

சங்கரபாண்டி ஒரு கண்ணைத் திறந்தார். “ஒண்ணும் நகரலையே.”

“நகர்ந்திருச்சு அண்ணாச்சி” என்றான் வேலாண்டி. “நாமளும் கூடவே நகர்ந்ததால தெரியலை.”

சங்கரபாண்டி ரசப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். நேராகப் போய்த் தவசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“முந்நூறு பேரோட மண்டபத்தைப் பத்தடி இறக்கியிருக்கே, ஒரு சொட்டு ரசம் சிந்தலை. என் பொண்ணை வேற யாருக்குக் குடுப்பேன்? இனிமே அண்ணாச்சின்னு கூப்பிடாதே, மாமான்னு கூப்பிடு.”

மரிக்கொழுந்து சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். கழற்றிப் போட்ட செருப்பெல்லாம் போட்ட இடத்திலேயே கிடந்தது. செருப்பைக்கூட மறக்காமல் இறக்கியிருக்கிறானே என்று மெச்சினார்கள்.

எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவருக்கு மட்டும் கோபம். “என்னை ஒரு வார்த்தை கேக்காம என் கடையை எதுக்கு இறக்கினீங்க? மழை பெய்ஞ்சா தண்ணி உள்ள வருமே” என்று சண்டைக்கு வந்தார்.

நியாயம்தானே. எசக்கி இரண்டு கிளாஸ் பாயாசம் குடித்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினான். முந்நூறு பேரும் மறுபடி தூணைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டிக்கடைக்காரர் ஓடிப்போய்த் தன் கடையைப் பிடித்துக்கொண்டார்.